ஆன்டிவைரஸ் வாங்குவதற்கு முன்னால்

"எந்த ஆன்டிவைரஸ் நல்லது?" என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. கணினியில் எந்த விண்டோஸ் ஓடுகிறது? இன்டர்நெட் எப்போதும் இருக்குமா? பென் டிரைவ் வெளியே போய் வருகிறதா? கிராக் போட்ட சாஃப்ட்வேர் ஏதாவது உள்ளே இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் பிராண்ட் பெயர் சொல்வதில் அர்த்தமில்லை. பதில் தெரிந்தால், பல வீடுகளுக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்றே முடியும்.

விண்டோஸ் 11, ஒழுங்கான அப்டேட், எப்போதும் இன்டர்நெட், திருட்டு சாஃப்ட்வேர் கிடையாது என்றால் கூடவே வரும் டிஃபெண்டர் போதும். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது முழு ஆன்டிவைரஸாகவே உள்ளே இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் சோதனைகளில் அது கடைசி வரிசையில் நின்றது உண்மைதான். அந்தக் காலத்துக் கெட்ட பெயரை வைத்துத்தான் "அதெல்லாம் சும்மா சார், ஒண்ணு போட்டுருங்க" என்று கடைகளில் இன்னும் சொல்கிறார்கள். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் சோதனைக்கூடம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 என்று 18 மதிப்பெண் போடும். சமீப வருடங்களில் டிஃபெண்டர் அதில் பல முறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது.

ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் பலத்தில் பெரும் பங்கு மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் இருக்கிறது. சந்தேகமான ஃபைல் ஒன்று வந்தால் அது சர்வரைக் கேட்டு முடிவு செய்யும். இன்டர்நெட் இல்லாதபோது கையிருப்பில் உள்ள பட்டியலை வைத்தே பார்க்க வேண்டும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் இணைப்போடும் இணைப்பில்லாமலும் தனித்தனியாகச் சோதிக்கிறது. இணைப்பில்லாத சோதனையில் டிஃபெண்டரின் கண்டுபிடிப்பு விகிதம் கண்கூடாகக் குறைகிறது. பில் போட மட்டும் வைத்திருக்கும் கணினி, பென் டிரைவிலேயே எல்லாம் நடக்கும் கணினி என்றால் காசு கொடுத்து வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

டிஃபெண்டரை வைத்துக்கொள்வதென்றால் அப்படியே விட்டுவிடக் கூடாது. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் தேடித் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் என்று போங்கள். ரியல்-டைம், கிளவுட்-டெலிவர்டு, சாம்பிள் சப்மிஷன், டாம்பர் புரொடெக்‌ஷன் நான்கும் ஆனில் இருக்க வேண்டும். டாம்பர் புரொடெக்‌ஷன் ஆஃபில் இருந்தால், உள்ளே நுழையும் வைரஸ் முதல் வேலையாக டிஃபெண்டரையே அணைத்துவிடும்.

அதே பக்கத்தின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியல் இருக்கும். யாரும் எட்டிப் பார்க்காத இடம் இது. ஸ்கேன் செய்யாமல் விட வேண்டிய ஃபோல்டர்கள் இதில் இருக்கும். சாதாரண வீட்டுக் கணினியில் இது காலியாக இருக்க வேண்டும். சி டிரைவ் முழுவதுமோ, டவுன்லோட்ஸ் ஃபோல்டரோ, பெயர் புரியாத ஏதாவதோ இருந்தால் இரண்டில் ஒன்று: சர்வீஸுக்கு வந்தவர் கிராக் ஓட வேண்டும் என்பதற்காகச் சேர்த்திருப்பார், அல்லது வைரஸே தன்னைச் சேர்த்துக்கொண்டிருக்கும். எதுவானாலும் அந்த வரிகளை நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

அடுத்து ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், ரெப்யூடேஷன்-பேஸ்டு புரொடெக்‌ஷன். அதில் பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங் என்பதில் ஆப்ஸ், டவுன்லோட்ஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள். டிரைவர் அப்டேட்டர், பிசி கிளீனர், இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டர் என்று ஒட்டிக்கொண்டு வரும் குப்பைகளைத் தடுப்பது இதுதான். வீட்டுக் கணினி மெதுவாக ஓடுவதற்கு வைரஸைவிட இந்தக் குப்பைகளே அடிக்கடி காரணம். இணையப் பக்கங்களை வடிகட்டும் ஸ்மார்ட்ஸ்கிரீன் எட்ஜ் பிரவுசரில்தான் முழுமையாக வேலை செய்யும். குரோம் பழக்கம் என்றால் அதன் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் சேஃப் பிரவுசிங்கை என்ஹான்ஸ்டு நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்தான் ரான்சம்வேர். அதற்கு எதிரான கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் பல கணினிகளில் ஆஃபிலேயே கிடக்கும். வைரஸ் அண்ட் த்ரெட் பக்கத்தின் கடைசியில் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் என்பதற்குள் இருக்கிறது. ஆன் செய்தால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் போன்ற ஃபோல்டர்களில் நம்பகமில்லாத புரோகிராம் எதுவும் எழுத முடியாது. இதில் இரண்டு சிக்கல். டி டிரைவில் நீங்கள் வைத்திருக்கும் குடும்பப் படங்கள் தானாக இதில் சேராது. புரொடெக்டட் ஃபோல்டர்ஸ் பட்டியலில் நீங்களே சேர்க்க வேண்டும். இன்னொன்று, பழைய அக்கவுன்டிங் சாஃப்ட்வேர், கேம், ஸ்கேனர் புரோகிராம் ஆகியவை திடீரென்று "ஃபைல் கிடைக்கவில்லை", "சேமிக்க முடியவில்லை" என்று முரண்டுபிடிக்கும். பிளாக் ஹிஸ்டரியில் பார்த்து அந்த ஒரு புரோகிராமை மட்டும் அனுமதியுங்கள். எரிச்சலில் முழுவதையும் ஆஃப் செய்துவிட வேண்டாம். வேறு கம்பெனி ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் ஒதுங்கிவிடும், இந்த வசதியும் கூடவே போய்விடும். அப்படி வாங்குவதில் இதற்கு ஈடாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் நிலை வேறு. அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிந்துகொள்ளலாம். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்கிறார்கள். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வைரஸ் பட்டியல் வேறு, சிஸ்டத்தில் உள்ள ஓட்டையை அடைப்பது வேறு. 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாகிரை ரான்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அப்டேட் கொடுத்திருந்தது. அதைப் போடாத கணினிகளில்தான் அது புகுந்தது. எவ்வளவு விலை கொடுத்த ஆன்டிவைரஸும் அப்டேட் நின்றுபோன சிஸ்டத்தை முழுதாகக் காப்பாற்றாது. விண்டோஸ் 7-இல் நெட் பேங்கிங் செய்வது பற்றி ஒரே பதில்தான்: செய்யாதீர்கள்.

காசு கொடுத்து வாங்குவதென்றால்

பெட்டியின் மேல் இருக்கும் வாசகங்களை விட்டுவிடுங்கள். ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரடிவ்ஸ் இரண்டும் முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. கண்டுபிடிப்பு விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். முன்னணியில் இருப்பவை எல்லாம் அதில் நெருக்கமாகவே இருக்கும். வித்தியாசம் தெரிவது இரண்டு இடங்களில். ஒன்று, நல்ல ஃபைலைத் தவறாக வைரஸ் என்று சொல்லும் எண்ணிக்கை. இது அதிகமாக இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் எந்த எச்சரிக்கை வந்தாலும் "அலோ" அழுத்தப் பழகிவிடுவார்கள், பிறகு ஆன்டிவைரஸ் இருந்தும் பயனில்லை. இன்னொன்று வேகச் சோதனை. 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்கு இதுதான் முக்கியம்.

ஆன்டிவைரஸ், இன்டர்நெட் செக்யூரிட்டி, டோட்டல் செக்யூரிட்டி என்று ஒரே கம்பெனி மூன்று விலையில் விற்கும். உள்ளே வைரஸ் பிடிக்கும் எஞ்சின் பெரும்பாலும் ஒன்றேதான். விலை ஏறுவது ஃபயர்வால் (நெட் வழி ஊடுருவலைத் தடுப்பது), பாஸ்வேர்டு மேனேஜர், விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் வசதி), கிளீனர் ஆகியவற்றுக்கு. விண்டோஸிலேயே ஃபயர்வால் இருக்கிறது. விபிஎன் என்பதும் பல சமயம் பேருக்குத்தான். உதாரணமாக பிட்டிஃபெண்டர் டோட்டல் செக்யூரிட்டியோடு வரும் விபிஎன் ஒரு நாளுக்கு 200 எம்பி. ஒரு சினிமாப் பாட்டு வீடியோ நான்கைந்து பார்த்தால் தீர்ந்துவிடும். குழந்தைகளுக்கான கட்டுப்பாடு உண்மையிலேயே தேவை என்றால் மட்டும் மேல் விலைக்குப் போகலாம்.

ஆன்லைனில் வாங்கினால் முதல் வருட விலையில் மயங்க வேண்டாம். இரண்டாம் வருடம் ஆட்டோ ரின்யூவலில் முழு விலை போகும். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரையான தொடர் கட்டணங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கத் தேவையில்லை. 24 மணி நேரம் முன்னதாக ஓர் அறிவிப்பு வரும், அவ்வளவுதான். அந்த எஸ்எம்எஸ்ஸை யார் படிக்கிறார்கள்! வாங்கிய அன்றே கணக்கில் நுழைந்து ஆட்டோ ரின்யூவலை அணைத்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ பெட்டியாக வாங்குவது மேல். சென்னையிலேயே 1991-இல் தொடங்கிய கே7, புனேயின் குவிக் ஹீல் ஆகியவை அப்படிக் கிடைக்கும். கார்டு விவரம் கொடுக்காமல் கீயை மட்டும் போட்டு ஆக்டிவேட் செய்யலாம். சீல் உடையாமல் இருக்கிறதா, ஒரு கணினிக்கா மூன்று கணினிக்கா, ஒரு வருடமா மூன்று வருடமா என்று பார்த்து வாங்குங்கள். பாதி விலைக்கு வாட்ஸாப்பில் கீ மட்டும் அனுப்புகிறவர்களிடம் வாங்கினால் சில மாதத்தில் அது முடக்கப்படலாம், அதற்கு முறையிட இடமும் இருக்காது.

இலவசப் பதிப்புகளில் கவனம் வேண்டும். அவாஸ்ட், தன் பயனாளர்களின் பிரவுசிங் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020-இல் வெளியே வந்து, அந்த நிறுவனம் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. டிஃபெண்டர் இருக்கும்போது இன்னொரு இலவச ஆன்டிவைரஸ் போட எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது. ரியல்-டைமில் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் இரண்டு போட்டால், ஃபைல் ஒவ்வொன்றையும் இரண்டும் பிடித்து நிறுத்தும். கணினி ஊர்ந்து போகும், சில சமயம் நீலத் திரையில் நின்றுவிடும். புது லேப்டாப்பில் மெக்காஃபி ட்ரையல் இருந்தால், பணம் கட்டுவதில்லை என்று முடிவு செய்த அன்றே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தந்தக் கம்பெனி இதற்கென்றே கொடுக்கும் ரிமூவல் டூலை ஓட்டி ரீஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். காலாவதியான ஆன்டிவைரஸை அப்படியே விட்டுவைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். இரண்டாவது கருத்து வேண்டும் என்றால் கேட்டால் மட்டும் ஸ்கேன் செய்யும் வகையைப் பயன்படுத்துங்கள்: மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு, அல்லது மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர். இரண்டாவது, டவுன்லோட் செய்த 10 நாளில் காலாவதியாகும். ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும்.

எந்த ஆன்டிவைரஸும் நிறுத்தாத வழிகள்

கிராக் சாஃப்ட்வேர் பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைலாக வருவதற்குக் காரணம் இருக்கிறது: பாஸ்வேர்டு இருந்தால் ஸ்கேனரால் உள்ளே பார்க்க முடியாது. கூடவே "இன்ஸ்டால் செய்யும்முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்று ஒரு குறிப்பு. காவலாளியை நீங்களே வீட்டுக்கு அனுப்பிய பிறகு எந்த பிராண்ட் இருந்தால் என்ன? ஸ்டாப் டிஜேவு என்ற ரான்சம்வேர் வீட்டுக் கணினிகளை வாரிச் சுருட்டியது பெரும்பாலும் இந்த வழியில்தான். இப்போது அதிகம் வருவது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கீகளையும் (நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சிறு ஃபைல்கள்) திருடும் வகை. குக்கீ போய்விட்டால் ஓடிபி இல்லாமலே உங்கள் ஜிமெயிலுக்குள் நுழைய முடியும்.

இன்னொரு தந்திரம்: "நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க" விண்டோஸ் பட்டனும் ஆர் பட்டனும் அழுத்தி, கன்ட்ரோல் வி அழுத்தி, என்டர் தட்டுங்கள் என்று ஒரு பக்கம் கேட்கும். அந்தப் பக்கம் ஏற்கெனவே உங்கள் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தங்கும் இடத்தில், ஒரு கட்டளையை வைத்துவிட்டது. நீங்கள் செய்வது அதை ஓட்டும் வேலை. விண்டோஸ், ஆர் இரண்டும் சேர்ந்து திறப்பது கட்டளை ஓட்டும் ரன் பெட்டி. எந்த உண்மையான சோதனையும் அதைத் திறக்கச் சொல்லாது.

"உங்கள் மெக்காஃபி காலாவதியாகிவிட்டது, 5 வைரஸ்கள்" என்று திரையின் வலது மூலையில் ஓயாமல் வருகிறதா? பெரும்பாலும் அது வைரஸும் இல்லை, மெக்காஃபியும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் நோட்டிஃபிகேஷனுக்கு "அலோ" கொடுத்ததன் விளைவு. குரோம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். இதற்காகவே ஆன்டிவைரஸ் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அவற்றை டபுள் கிளிக் செய்யாதீர்கள். அதுதான் வைரஸை ஓட்டும். ஃபைல்கள் போகவில்லை, மறைந்திருக்கின்றன. எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, "ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்பதன் டிக்கையும் எடுங்கள். சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாததுபோல் தெரியும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவைத்திருக்கும். வேண்டியதை வெளியே எடுத்து ஸ்கேன் செய்துவிட்டு பென் டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். பிரின்ட் எடுக்க என்றே தனியாக ஒரு பென் டிரைவ் வைத்துக்கொள்வது இன்னும் சுலபம்.

சந்தேகமான ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் எழுபதுக்கு அருகில் எஞ்சின்கள் பார்த்துச் சொல்லும். ஏற்றுவது மற்ற ஆய்வாளர்களுக்கும் போகும் என்பதால் ஆதார் நகல், பத்திரம், சம்பளச் சீட்டு போன்றவற்றை அங்கே ஏற்றக் கூடாது.

போன்

ஆன்ட்ராய்டில் ஆன்டிவைரஸ் ஆப் என்பது கணினியில் இருப்பதுபோல் வேலை செய்யாது. ஒவ்வொரு ஆப்பும் தன் அறைக்குள் பூட்டப்பட்டிருப்பதால் ஆன்டிவைரஸால் இன்னொரு ஆப்பின் உள்ளே போய்ப் பார்க்கவோ, உங்களைக் கேட்காமல் அதை நீக்கவோ முடியாது. நிறுவப்பட்ட ஆப்களின் ஃபைலைப் பட்டியலோடு ஒப்பிட்டு எச்சரிக்கலாம், அவ்வளவே. ஏவி-கம்பேரடிவ்ஸ் 2019-இல் 250 ஆன்ட்ராய்டு ஆன்டிவைரஸ் ஆப்களைச் சோதித்தபோது, வைரஸ் மாதிரிகளில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்தவை 80 மட்டும். 2014-இல் பிளே ஸ்டோரில் 3.99 டாலருக்கு விற்ற வைரஸ் ஷீல்டு என்ற ஆப் செய்த ஒரே வேலை, தொட்டதும் பெருக்கல் குறியை டிக் குறியாக மாற்றியது. 2022-இல் ஷார்க்பாட் என்ற வங்கித் திருட்டு வைரஸே ஆன்டிவைரஸ் ஆப் வேஷத்தில் பிளே ஸ்டோருக்குள் வந்தது. பேட்டரி சேவர், கிளீனர், பூஸ்டர் என்று வருபவற்றைச் சொல்லவே வேண்டாம்.

போனில் பார்க்க வேண்டியது அனுமதிகளை. இந்தியாவில் பணம் போகும் வழி பெரும்பாலும் இது: கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதச் சலான், வங்கி கேஒய்சி என்ற பெயரில் வாட்ஸாப்பில் ஒரு ஏபிகே ஃபைல் (ஆன்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) வரும், தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும். நிறுவினால் எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும். ஓடிபி எல்லாம் திருடனுக்குப் போகும். ஆக்சசிபிலிட்டி அனுமதியும் வாங்கிவிட்டால் திரையைப் படித்து, தானே பட்டன் அழுத்தும். பத்திரிகை என்பது படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். எதையும் நிறுவச் சொல்லாது.

செட்டிங்ஸில் ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ் என்று தேடி, இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ் பட்டியலில் வாட்ஸாப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஆக்சசிபிலிட்டி, நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ், டிவைஸ் அட்மின் பட்டியல்களில் தெரியாத பெயர் இருக்கக் கூடாது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பிளே புரொடெக்ட் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். "பிளே புரொடெக்டை ஆஃப் செய்யுங்கள்" என்று எந்த ஆப் சொன்னாலும் அதுவே போதுமான சாட்சி. சாம்சங் போனில் செக்யூரிட்டி அண்ட் பிரைவசிக்குள் ஆட்டோ பிளாக்கர் இருந்தால் ஆன் செய்யுங்கள். வெளி ஏபிகே நிறுவுவதையே அது தடுத்துவிடும். அப்பா அம்மா போனில் செய்ய வேண்டிய முதல் வேலை இது. செக்யூரிட்டி அப்டேட் தேதி இரண்டு மூன்று வருடம் பழையதாக இருக்கும் போனில் யூடியூப் பார்க்கலாம், யுபிஐ வேண்டாம்.

தூரத்திலிருந்து உங்கள் திரையைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை வைரஸ் அல்ல. எந்த ஆன்டிவைரஸும் அவற்றைப் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. "கஸ்டமர் கேர்" என்று பேசுபவர் போடச் சொன்னால்தான் ஆபத்து. ரிசர்வ் வங்கி 2019-லேயே இதை எச்சரித்தது.

ஐபோனில் ஆன்டிவைரஸ் ஆப் மற்ற ஆப்களை ஸ்கேன் செய்ய ஆப்பிள் இடமே தரவில்லை. அந்தப் பெயரில் விற்பது விபிஎன்னும் இணைய வடிகட்டியும். அப்டேட் போடுங்கள், செட்டிங்ஸ், ஜெனரல், விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்டில் நீங்கள் போடாத புரொஃபைல் (போனின் அமைப்புகளை மாற்றும் ஃபைல்) இருந்தால் நீக்குங்கள்.

நுழைந்துவிட்டால்

கணினியில் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். ஸ்கேன் ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் எழும் முன்பே ஸ்கேன் நடக்கும், சுமார் கால் மணி நேரம். பாஸ்வேர்டுகளை வேறு சாதனத்திலிருந்து மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள். இல்லாவிட்டால் திருடிய குக்கீ வேலை செய்துகொண்டே இருக்கலாம். ரான்சம்வேர் என்றால் அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள். பூட்டப்பட்ட ஃபைல்களையும் மிரட்டல் குறிப்பையும் வேறு டிஸ்க்கில் எடுத்துவைத்து, யூரோபோல் சேர்ந்து நடத்தும் நோ மோர் ரான்சம் தளத்தில் சாவி இருக்கிறதா என்று தேடுங்கள். இன்று இல்லாத சாவி பின்னால் வெளிவரலாம். பேக்கப் வைத்திருக்கும் வெளி டிஸ்க்கை, கணினியைச் சுத்தம் செய்து முடிக்கும் வரை செருகவே கூடாது. செருகினால் அதுவும் பூட்டப்படும்.

போன் என்றால் ஃபிளைட் மோடில் போட்டு, சிம்மை வெளியே எடுங்கள். வேறு போனிலிருந்து வங்கியையும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த முடிவது சீக்கிரம் அழைத்தால்தான். பிறகு பவர் மெனுவில் பவர் ஆஃப் என்பதை அழுத்திப் பிடித்து, நீங்கள் நிறுவிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் திறந்து, முதலில் டிவைஸ் அட்மின், ஆக்சசிபிலிட்டி அனுமதிகளை எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள். அனுமதி இருக்கும் வரை அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாகவே இருக்கும். ஆப் ஐகானே தெரியாமல் ஒளிந்திருக்கலாம். செட்டிங்ஸின் முழு ஆப் பட்டியலில் தேடுங்கள். படங்களையும் தொடர்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்வது நல்லது. சிம்மைத் திரும்பப் போட்டதும் *#21# அடித்து அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் ##002# அடித்து நீக்குங்கள். வாட்ஸாப்பின் லிங்க்டு டிவைசஸையும் திறந்து பார்த்து, உங்களுடையதல்லாத எல்லாவற்றையும் லாக் அவுட் செய்யுங்கள். அந்த ஏபிகே உங்கள் பெயரிலிருந்து யார் யாருக்குப் போனது என்பது சாட்களிலேயே தெரியும். அவர்களுக்குச் செய்தி அனுப்பினால் போதாது, போன் செய்து சொல்லுங்கள்.